நடந்து வந்தால் விருந்து!

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நண்பர்களை உபசரித்த கதை

வெளியூரிலிருந்து நண்பர் வருகிறார். இரண்டு நாள் தங்குவார். அவரை எங்கே அழைத்துப் போவது? எதைக் காட்டுவது? என்ன சாப்பாடு போடுவது? எல்லா வீட்டிலும் எழுகிற கேள்விதான் இது.

இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். இந்தக் கேள்விக்கு அவர் திணறியதே இல்லை. நண்பரை வயல் வழியாகவும் காட்டு வழியாகவும் நடத்தி அழைத்துப் போவார். நன்றாகப் பசி எடுக்கும் நேரத்தில் சாப்பாடு தயாராக இருக்கும்.

அவர்தான் சார்லஸ் டிக்கன்ஸ். ஆலிவர் டுவிஸ்ட், டேவிட் காப்பர்பீல்டு முதலிய நாவல்களை எழுதியவர். ஏழைப் பிள்ளைகளின் கண்ணீரை உலகத்துக்குக் காட்டியவர்.

எழுத்தில் எவ்வளவு ஆசையோ, நடப்பதிலும் அவருக்கு அவ்வளவு ஆசை. நண்பருக்கு வழி தேர்ந்தெடுப்பதை அவர் ஒரு வேலையாகவே செய்தார். அது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், அவருடைய சிறு வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

குன்றின் மேல் ஒரு வீடு

டிக்கன்ஸ் 1812-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி பிறந்தார். அன்று வெள்ளிக்கிழமை. ஊர், போர்ட்ஸ்மவுத் என்ற துறைமுகப் பட்டினம். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா.

பையனுக்கு 5 வயதானபோது குடும்பம் கெண்ட் மாவட்டத்தில் உள்ள சாத்தம் என்ற ஊருக்குக் குடிபோயிற்று. பக்கத்திலேயே ரோசெஸ்டர் நகரம். அங்கே இடிந்த கோட்டை உண்டு. பழைய மாதா கோயில் உண்டு. மெட்வே ஆறு ஓடுகிறது. சுற்றிலும் வயலும் தோப்புமாக இருக்கும்.

தகப்பனார் மகனைக் கையைப் பிடித்து உலாவ அழைத்துப் போவார். வழியில் காட்ஸ் ஹில் என்ற குன்று. அதன் உச்சியில் ஓர் அழகான வீடு. பையன் அதையே பார்த்துக் கொண்டு நிற்பான். நன்றாகப் பாடுபட்டால் ஒரு நாள் நீ இந்த வீட்டிலேயே குடியிருக்கலாம் என்று தகப்பனார் சொன்னார். பையன் அதை மறக்கவே இல்லை.

பசியோடு நடந்த சிறுவன்

பிறகு குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே துன்பம் தொடங்கியது. ஜான் டிக்கன்ஸ் நல்ல மனிதர். ஆனால் வரவுக்கு மேல் செலவு செய்கிறவர். கடன் ஏறிக் கொண்டே போயிற்று.

1824-ம் ஆண்டு சார்லசுக்கு 12 வயது முடிந்தது. இரண்டே நாளில் அவனை வேலைக்கு அனுப்பி விட்டார்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு பழைய கட்டிடம். எலிகள் ஓடும் இடம். பூட்சுக்குப் போடும் கறுப்பு மை அங்கே தயாராயிற்று. மை நிறைந்த ஜாடிகளுக்குக் காகிதம் சுற்றி, நூல் கட்டி, சீட்டு ஒட்டுவது சிறுவனின் வேலை. வாரக் கூலி 6 அல்லது 7 ஷில்லிங்.

சில நாளில் தகப்பனார் கடனுக்காகச் சிறைக்குப் போனார். தாயாரும் சிறு குழந்தைகளும் அவரோடு சிறைக்குள்ளேயே போய்த் தங்கினார்கள். சார்லஸ் மட்டும் வெளியே, வேறு ஒருவர் வீட்டில் இருந்தான். அங்கிருந்து வேலைக்குச் சுமார் 3 மைல் நடக்க வேண்டும். தினமும் நடந்தான்.

வழியெல்லாம் பலகாரக் கடைகள். வாசலில் பழைய பலகாரத்தைப் பாதி விலைக்கு வைத்திருப்பார்கள். சிறுவனால் ஆசையை அடக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசைக் காலையிலேயே செலவழித்து விடுவான். மத்தியானம் கையில் காசு இராது. அப்போது கவென்ட் கார்டன் சந்தைக்குப் போய், அங்கே குவித்திருக்கும் அன்னாசிப் பழங்களைப் பார்த்துக் கொண்டு நிற்பான். பார்ப்பதற்குக் காசு வேண்டாம் அல்லவா?

ஒரு நாள் மாலை துணிச்சலாக ஒரு விடுதிக்குள் நுழைந்து, உயர்ந்த ரகத்தில் ஒரு கிளாஸ் பீர் கேட்டான். விடுதிக்காரருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே ஆச்சரியம். பெயர் என்ன, ஊர் எது, யார் பிள்ளை என்று விசாரித்தார்கள். பிறகு காரம் குறைந்த பீராகப் பார்த்துக் கொடுத்தார்கள் போலும். அந்த அம்மாள் குனிந்து, பையனுக்கு ஒரு முத்தமும் கொடுத்தாள். அந்த அன்பு அவர் நினைவில் நெடுநாள் நின்றது.

இந்தக் கதையை எல்லாம் டிக்கன்ஸ் வெளியில் சொன்னதில்லை. நெருங்கிய நண்பர் ஜான் பார்ஸ்டரிடம் மட்டும் மனம் விட்டுச் சொன்னார். டிக்கன்ஸ் இறந்த பிறகு பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்துதான் உலகம் அதைத் தெரிந்து கொண்டது.

சுடச் சுடச் சாப்பாடு

சில மாதங்களில் தகப்பனார் விடுதலையானார். சார்லசுக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் கிடைத்தது. 15 வயதில் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. பிறகு சுருக்கெழுத்துக் கற்றுப் பத்திரிகை நிருபர்.

1836-ம் ஆண்டு, 24-வது வயதில், பிக்விக் பேப்பர்ஸ் என்ற நாவலை எழுதத் தொடங்கினார். அது மாதந்தோறும் ஒரு பகுதியாக வந்தது. விலை ஒரு ஷில்லிங். நாடே விழுந்து விழுந்து சிரித்தது. டிக்கன்சின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்து விட்டது.

அந்த நாவலிலேயே ஒரு நடையும் ஒரு விடுதியும் வருகின்றன. டப்மன் என்பவர் காதலில் தோற்றுப் போகிறார். உலகமே வேண்டாம் என்று காபம் என்ற கிராமத்துக்கு ஓடி விடுகிறார். நண்பர்கள் ரோசெஸ்டரிலிருந்து, மரங்கள் அடர்ந்த வழியில் நடந்து போய் அவரைத் தேடுகிறார்கள். லெதர் பாட்டில் என்ற விடுதியில் அவரைக் கண்டுபிடிக்கிறார்கள். மனம் உடைந்த மனிதர் என்ன செய்து கொண்டிருந்தார் தெரியுமா? வறுத்த கோழியும் பன்றிக் கறியும் பீருமாக ஒரு கை பார்த்துக் கொண்டிருந்தார்!

காபம் கிராமமும் அந்த விடுதியும் கற்பனை அல்ல. உண்மையாகவே உள்ள இடங்கள்.

இங்கிலாந்தில் சாலை ஓரங்களிலும் கிராமங்களிலும் இத்தகைய விடுதிகள் உண்டு. சாப்பாடு கிடைக்கும், பீர் கிடைக்கும், இரவில் தங்க அறையும் கிடைக்கும். குளிர் காலத்தில் கணப்பில் நெருப்பு எரியும். நடந்து களைத்தவனுக்கு அது சொர்க்கம்தான்.

டிக்கன்ஸ் அப்போது லண்டனில் குடியிருந்தார். காலையில் எழுத்து. வேலை முடிந்ததும் பார்ஸ்டருக்கு ஆள் மூலம் சீட்டுப் போகும். கம்பளிக் கோட்டை மாட்டிக் கொண்டு உடனே புறப்படு, ஹாம்ப்ஸ்டெட் மேட்டுக்கு நடந்து போகலாம், அங்கே எனக்கு ஒரு நல்ல விடுதி தெரியும், சுடச் சுட ஆட்டுக்கறியும் நல்ல திராட்சை மதுவும் கிடைக்கும் என்று எழுதியிருப்பார். இப்படித்தான் பார்ஸ்டர் முதல் தடவையாக ஜாக் ஸ்ட்ராஸ் காசில் என்ற விடுதிக்குப் போனார். பிறகு பல ஆண்டுகள் அது நண்பர்கள் கூடும் இடமாயிற்று.

சில நாள் இருவரும் குதிரை மேல் போவார்கள். போக 15 மைல், வர 15 மைல். நடுவில் சாப்பாடு.

வேலி தாண்டிய கவிஞர்

1842-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோ டிக்கன்சின் விருந்தாளியாக வந்தார். டிக்கன்ஸ் தாம் சிறு வயதில் சுற்றித் திரிந்த ரோசெஸ்டருக்கே அவரை அழைத்துப் போனார். பார்ஸ்டரும் கூட இருந்தார்.

கோட்டையைப் பார்க்கப் போனால் காவல்காரன் தடுத்தான். உள்ளே போகக் கூடாது என்றான். சட்டம், தண்டனை என்று முரட்டுத்தனமாக மிரட்டினான். கடல் கடந்து வந்த விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புவதா? நண்பர்கள் கதவையும் வேலியையும் தாண்டிக் குதித்து உள்ளே போய் விட்டார்கள். காவல்காரன் கத்திக் கொண்டே இருந்தான். இவர்கள் கோட்டையை மூலை முடுக்கு விடாமல் சுற்றிப் பார்த்து விட்டுத்தான் திரும்பினார்கள்.

அதே ஆண்டு டிக்கன்ஸ் இன்னொரு பயணமும் போனார். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வாலுக்கு. கூட வந்தவர்கள் பார்ஸ்டர், ஓவியர் மக்லீஸ், கடற் காட்சிகளை வரையும் ஓவியர் ஸ்டான்பீல்டு.

நால்வருக்கும் வேலையைப் பங்கு போட்டார்கள். பொதுப் பணப்பை டிக்கன்சிடம். சுங்கம் கட்டுவதும், எவ்வளவு வேகம் போவது என்று முடிவு செய்வதும் அவர்தான். ஸ்டான்பீல்டு பழைய மாலுமி. ஆகவே வழி பார்ப்பது அவர் பொறுப்பு. பெரிய தேசப் படத்தையும் திசைகாட்டியையும் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். மூட்டை முடிச்சுகள் பார்ஸ்டரிடம். மக்லீசுக்கு வேலை இல்லை. அவர் பாட்டுப் பாடிக் கொண்டு வந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் இப்படிச் சிரிப்பும் பாட்டுமாகக் கழிந்தது.

தவறிப் போன ஒரு தேர்வு

எல்லா நடையும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 1857-ம் ஆண்டு செப்டம்பரில் நடந்ததைக் கேளுங்கள்.

டிக்கன்சும் நாவலாசிரியர் வில்கி காலின்சும் வட இங்கிலாந்துக்குப் போனார்கள். அங்கே காரக் பெல் என்று ஒரு மலை. 2,000 அடிக்கு மேல் உயரம். டிக்கன்ஸ் அதைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். ஏறியே தீர வேண்டும் என்று பிடிவாதம்.

அன்று கொட்டும் மழை. விடுதிக்காரரையே வழிகாட்டியாக அழைத்துக் கொண்டு ஏறினார்கள். உச்சியில் மூடுபனி சூழ்ந்து கொண்டது. எதிரே இருக்கும் ஆள் தெரியவில்லை. இருந்த ஒரு திசைகாட்டியும் உடைந்து விட்டது. வழி தவறி, ஓர் ஓடையைப் பிடித்துக் கொண்டு கீழே இறங்கினார்கள். காலின்ஸ் பாறையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் சுளுக்கி வீங்கி விட்டது. டிக்கன்ஸ் அவரைத் தாங்கியும் தூக்கியும் கொண்டு வந்து சேர்த்தார்.

அழைத்துப் போனவரே சுமந்தும் வர நேர்ந்தது. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது தன் ஆசையை மட்டும் பார்த்தால் போதாது. வானத்தையும் பார்க்க வேண்டும், கூட வருகிறவரின் காலையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்த மலையே சாட்சி.

அந்த ஆண்டு டிக்கன்சின் மனம் நிம்மதியாக இல்லை. மனைவி காதரினோடு மனக்கசப்பு முற்றியிருந்தது. பத்துப் பிள்ளைகள் பெற்ற குடும்பம் அது. அக்டோபரில் ஓர் இரவு 2 மணிக்கு எழுந்து, லண்டன் வீட்டிலிருந்து கெண்ட் மாவட்டத்து வீட்டுக்கு நடந்தே போனார். தூரம் 30 மைல். மறு ஆண்டு, 1858-ல், மனைவியைப் பிரித்து அனுப்பி விட்டார். நண்பர்களுக்கு அவ்வளவு அன்பு காட்டியவர் மனைவியிடம் கடுமையாக நடந்து கொண்டார் என்ற பழி அவர் பெயரோடு நின்று விட்டது.

கனவு பலித்தது

கெண்ட் மாவட்டத்து வீடு என்றோமே, அது எது? சிறு வயதில் தகப்பனார் காட்டிய அதே காட்ஸ் ஹில் வீடுதான்! 1856-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி, 1,790 பவுன் கொடுத்து டிக்கன்ஸ் அதை வாங்கினார். அன்றும் வெள்ளிக்கிழமை. தம் வாழ்க்கையில் நல்லதெல்லாம் வெள்ளிக்கிழமையிலேயே நடக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வீட்டுக்கு எதிரே சாலையின் மறுபுறம் பால்ஸ்டாப் என்ற விடுதி. வீட்டில் எப்போதும் விருந்தாளிகள். டென்மார்க் நாட்டுக் கதாசிரியர் ஆண்டர்சன் 1857-ல் வந்தார். இரண்டு வாரம் என்று எதிர்பார்த்தார்கள். ஐந்து வாரம் தங்கி விட்டார். அவர் போன பிறகு, குடும்பத்துக்கு அது யுகமாகத் தோன்றியது என்று டிக்கன்ஸ் அந்த அறையில் ஒரு சீட்டு எழுதி வைத்தார்!

காலையில் விருந்தாளிகள் தங்கள் இஷ்டம் போல் இருக்கலாம். டிக்கன்ஸ் எழுதிக் கொண்டிருப்பார். பகல் சாப்பாடு முடிந்ததும் நடை தொடங்கும். மணிக்கு 4 மைல் வேகம். 12 மைல் என்பது சாதாரணம். ஈடு கொடுத்து நடக்கிறவர்கள் சிலர்தான்.

எந்த நாளில் எந்த வழி என்பதற்கு அவரிடம் ஒரு கணக்கு உண்டு.

குளிர் காலத்தில், அறுவடை முடிந்த வயல்களின் குறுக்கே கூலிங் கிராமத்துக்குப் போவார். அங்கே சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு கல்லறைத் தோட்டம். அதில் குழந்தைகளின் சிறு சிறு கல்லறைகள் வரிசையாக இருக்கும். அவருடைய கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலில் அந்தக் கல்லறைகள் வருகின்றன. நண்பர்களை அழைத்துப் போய் அவற்றைக் காட்டுவார்.

கோடையில், சிறிது தூரம் போதும் என்றால், ஷார்ன் கிராமம். வெயில் நேரத்தில் அங்கே மர நிழலில் உட்கார்ந்திருப்பார். மெயிட்ஸ்டன் நகரத்திலிருந்து ரோசெஸ்டர் வரை உள்ள 7 மைல் வழி, இங்கிலாந்திலேயே மிக அழகான வழிகளில் ஒன்று என்பது அவர் தீர்ப்பு.

எல்லாவற்றிலும் மேலாக அவர் விரும்பியது காபம் தோப்பு வழி. ஆனால் அந்த வழியில் தம் நாய்கள் பின்தொடர்வதை அவர் விரும்பவில்லை. அதனால் ஆசைப்பட்ட அளவுக்கு அங்கே போகவில்லை.

தூரமாகப் போக வேண்டுமானால் வண்டி. 1868-ம் ஆண்டு ஜூலையில் லாங்பெல்லோ தம் பெண்களோடு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை டிக்கன்ஸ் பழைய காலத்துச் சிவப்புச் சட்டை போட்ட இரண்டு குதிரைக்காரர்களை ஏற்பாடு செய்து, வண்டியில் ஊர்வலம் போல அழைத்துப் போனார்.

ஐந்து ஆரஞ்சுப் பழம்

அதற்குச் சில மாதம் முன்னால் டிக்கன்ஸ் அமெரிக்காவில் இருந்தார். தம் கதைகளை மேடையில் படித்துக் காட்டிப் பணமும் புகழும் குவித்தார். பாஸ்டன் நகரில் வேடிக்கையாக ஒரு நடைப் போட்டி வைத்தார். போட்டியிட்டவர்கள் அவருடைய மானேஜர் டால்பியும், பதிப்பகத்தைச் சேர்ந்த ஆஸ்குட்டும்.

பாதையை வகுக்க டிக்கன்சும் பதிப்பாளர் பீல்ட்சும் முன்னதாக ஒரு நாள் நடந்து பார்த்தார்கள். 6 மைலுக்கு மேல் விரைவாக நடந்து நியூட்டன் சென்டர் என்ற கிராமத்தை அடைந்தார்கள். நல்ல பசி. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்கள். கடையில் ஆரஞ்சுப் பழம்தான் கிடைத்தது. படியில் உட்கார்ந்து அதையே சாப்பிட்டார்கள். அந்த ஊரில் இருந்ததெல்லாம் ஐந்து ஆரஞ்சுப் பழமும் ஒரு புட்டி பூட்ஸ் மையும்தான் என்று டிக்கன்ஸ் பிறகு கேலியாக எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். மை ஜாடிக்குச் சீட்டு ஒட்டிய சிறுவனின் கதை அவர்களில் யாருக்குத் தெரியும்?

1868 பிப்ரவரி 29-ந் தேதி, பனிக்கட்டி உறைந்த சாலையில் போட்டி நடந்தது. ஆஸ்குட் ஜெயித்தார். அன்று இரவு ஓட்டலில் தடபுடலான விருந்து. விருந்து கொடுத்தவர் டிக்கன்ஸ்.

கால் சொன்ன எச்சரிக்கை

ஆனால் உடம்பு சில ஆண்டுகளாகவே எச்சரித்து வந்தது. 1865-ம் ஆண்டு தொடக்கத்தில் பனியில் ஓயாமல் நடந்ததால் இடது கால் வீங்கியது. ஒரு நாள் வீட்டிலிருந்து 3 மைல் தூரத்தில் திடீரென்று நொண்டத் தொடங்கினார். கூட வந்த பெரிய நாய்கள் இரண்டும் பயந்து போயின. துள்ளி ஓடுவதை விட்டு, எஜமான் பக்கத்திலேயே மெல்ல மெல்ல நடந்து வீடு வந்து சேர்ந்தன.

அதே ஆண்டு ஜூன் 9-ந் தேதி ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் அவர் போன ரயில் கவிழ்ந்தது. 10 பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் உயிர் தப்பினார். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். அதன் பிறகு ரயில் என்றாலே அவருக்கு நடுக்கம்.

ஓய்வு எடுக்கச் சொன்னவர்கள் பலர். அவர் கேட்கவில்லை. வலி குறைந்ததும் மறுபடியும் நடந்தார்.

கடைசி நடை

1870-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. மைத்துனி ஜார்ஜினாவோடு வண்டியில் காபம் தோப்பு வரை போனார். அங்கே இறங்கிக் கொண்டு வண்டியை அனுப்பி விட்டார். தமக்கு மிகவும் பிடித்த வழியில், பூங்காவைச் சுற்றி நடந்து வீடு திரும்பினார்.

மறு நாள் முழுவதும் எழுதினார். மாலையில் சாப்பிட உட்கார்ந்தவர் மயங்கி விழுந்தார். நினைவு திரும்பவில்லை. ஜூன் 9-ந் தேதி மாலை காட்ஸ் ஹில் வீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 58. எழுதிக் கொண்டிருந்த எட்வின் ட்ரூட் நாவல் முடியாமலே நின்று விட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஜூன் 14-ந் தேதி அவரை அடக்கம் செய்தார்கள்.

பார்ஸ்டர் 1872 முதல் 1874 வரை மூன்று பாகமாக நண்பரின் வரலாற்றை வெளியிட்டார். பெரிய பெரிய செய்திகளோடு, எந்தக் காலத்தில் எந்த வழியில் நடந்தார், எந்த விடுதியில் ஆட்டுக்கறி நன்றாக இருக்கும் என்று சொன்னார் என்பதையும் விடாமல் எழுதி வைத்தார். நண்பன் தனக்காகத் தேடித் தேர்ந்த வழியும், பசி அறிந்து போட்ட சாப்பாடும் லேசில் மறக்கக் கூடியவை அல்ல.